வளைந்த ஃபோர்க்கை நிமிர்த்துவதும் மறுப்பதும்

சைக்கிள் பட்டறையில் பஞ்சரும் சக்கரத்தின் கோட்டம் எடுப்பதும்தான் அன்றாட வேலை. ஆனால் நான் அவசரமே காட்டாமல் செய்வது முன் ஃபோர்க் வேலை. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்து நிற்கும் இரண்டு கால்களும், அவற்றின்மேல் ஹேண்டில்பாரோடு இணையும் தண்டும் சேர்ந்ததுதான் ஃபோர்க். செயின் அறுந்தால் வண்டி நின்றுவிடும். ஃபோர்க் முறிந்தால் ஓட்டுகிறவர் தலைகுப்புற விழுவார்.

அண்மையில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விலையில்லா மிதிவண்டி வந்தது. நின்றிருந்த லாரியில் மோதியதாம். முன்சக்கரம் பின்னுக்குத் தள்ளி, மிதிக்கும்போது மட்கார்டு கால்விரலில் இடித்தது. "நிமிர்த்திக் கொடுங்கள் தம்பி, நாளைக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும்" என்றார் அவளுடைய அப்பா.

ஃபோர்க்கின் கால்கள் மட்டும் வளைந்திருந்தால் தாராளமாக நிமிர்த்தலாம். எஃகு அந்த அளவுக்கு இடம் கொடுக்கும். அலுமினியமும் கார்பனும் கொடுக்காது. ஆனால் சூடேற்றாமல்தான் நிமிர்த்த வேண்டும். கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சினால் சுலபமாக வளையும், குழாயின் உறுதியும் அதோடு போய்விடும். நிமிர்த்தியபின் கோட்டமில்லாத சக்கரம் ஒன்றை மாட்டி, பிறகு அதையே இடம் வலமாகத் திருப்பி மாட்டிப் பார்ப்பேன். இரண்டு முறையும் ரிம் ஒரே காலின் பக்கம் ஒதுங்கினால் கோணல் ஃபோர்க்கில் இருக்கிறது. பக்கம் மாறினால் சக்கரத்தில்.

இந்த வண்டியில் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்ந்தது. கழற்றி, சட்டத்தின் முன்னாலுள்ள ஹெட் குழாய்க்குள் நிற்கும் தண்டின்மேல் இரும்பு ஸ்கேலை வைத்தேன். அடியில் வெளிச்சம் தெரிந்தது, தண்டும் வளைந்திருந்தது. இரு கால்களும் தண்டோடு சேரும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தேய்த்தேன். சற்று நேரத்தில் வெள்ளைத் தூளில் மயிரிழை அளவுக்கு ஓர் ஈரக்கோடு எழுந்தது. விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து வரும் கோடு அது. அவரையே குனிந்து பார்க்கச் சொன்னேன்.

"மேலே பற்றவைத்துக் கொடுக்க முடியாதா?" என்றார். முடியாது என்றேன். பற்றவைத்தால் விரிசல் மறையும். தண்டின் வளைவு அப்படியே இருக்கும். காசு அவருக்குப் பெரிய விஷயம் என்று தெரிந்ததால் புது ஃபோர்க்குக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன், கூலி கேட்கவில்லை.

புதியதை மாட்டுவதிலும் பார்க்க வேண்டியது உண்டு. தண்டு நீளமாக இருந்தால் அறுக்க வேண்டும். அறுக்கும் முன்பே ஒரு நட்டைத் தண்டின் மரையில் ஏற்றிவிடுவேன். பிறகு அதைக் கழற்றும்போது சிதைந்த மரைமுனை சீராகிவிடும். ஹேண்டில்பாரின் அடியிலுள்ள ஆப்பு தண்டுக்குள் மரைக்குக் கீழே இறங்கி இறுக வேண்டும். மரை வெட்டிய இடத்தில் குழாய் மெலிந்திருக்கும். அங்கே இறுக்கினால் அடுத்த வெடிப்பு அங்கேதான் தொடங்கும். உயரமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு ஹேண்டில்பாரை மேலே இழுத்துவிடும் பையன்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கழித்த ஃபோர்க்கை ஆக்சா பிளேடால் இரண்டாக அறுத்த பிறகே பழைய இரும்புக்குப் போடுகிறேன். முழுதாகப் போட்டால் யாராவது நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து, இன்னொரு பிள்ளையின் வண்டியில் மாட்டிவிடுவார்கள்.