24-70 எஃப் 2.8 லென்ஸ் எடுத்த அனுபவம்: எதைப் பாத்து முடிவு பண்ணேன்

ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவுக்கு நல்ல ஸ்டாண்டர்ட் ஜூம் ஒண்ணு எடுக்கணும்னு தேட ஆரம்பிச்சா எல்லாரும் முதல்ல கேக்கறது எது ஷார்ப்புன்னுதான். இப்ப வர்ற ப்ரொஃபஷனல் லென்ஸ் எதை எடுத்தாலும் ஷார்ப்பாதான் இருக்கு, டெஸ்ட் சார்ட்டை 200 சதவீதம் பெருசாக்கி மூலைய மூலைய ஒப்பிட்டுட்டே இருந்தா ஒரு முடிவுக்கும் வர முடியாது. எனக்கு வழி காட்டினது நான் ஏற்கனவே எடுத்து வச்சிருந்த ஃபோட்டோதான், அதனால அங்கேருந்தே சொல்றேன், இதே குழப்பத்துல இருக்கறவங்களுக்கு உதவும். புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: 24-70ங்கறது எம்எம்ல ஃபோக்கல் லெங்த், எண் சின்னதா இருந்தா ஃப்ரேமுக்குள்ள அதிக அகலம் வரும் (வைடு), பெருசா இருந்தா தூரத்துல இருக்கறது கிட்டத் தெரியும் (டெலி); எஃப் 2.8ங்கறது அபர்ச்சர், அதாவது வெளிச்சம் உள்ள வர்ற துளை, எண் சின்னதா இருந்தா துளை பெருசு.

என்கிட்ட இருக்கறது சோனி ஏ7 4, 33 மெகாபிக்சல். கூட இருந்தது கேமராவோட சேத்துக் குடுக்கற 28-70 எஃப் 3.5-5.6 கிட் லென்ஸ். வெறும் 295 கிராம்தான், வெளில வெயில்ல எடுத்தா படமும் நல்லாவே வரும். ஆனா நான் அதிகமா எடுக்கறது ஹாலுக்குள்ள நடக்கற நிகழ்ச்சி, மேடைப் பேச்சு, க்ரூப் ஃபோட்டோ, அங்கதான் அது திணறும். இன்னொரு தொல்லை, ஜூம் பண்ணப் பண்ண அபர்ச்சர் தானா 5.6 வரைக்கும் போயிடும், மேனுவல்ல எக்ஸ்போஷர் செட் பண்ணி வச்சிட்டு 28லேருந்து 70க்குப் போனா படம் இருட்டாயிடும். முழு ரேஞ்சுக்கும் ஒரே அபர்ச்சர் நிக்கிற லென்ஸ் வேணும்ங்கறது அப்பவே உறுதியாயிடுச்சு.

லைட்ரூம்ங்கற ஃபோட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல லைப்ரரி ஃபில்டர்ல மெட்டாடேட்டான்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு நெடுவரிசைல ஃபோக்கல் லெங்த்தையும் பக்கத்துல ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்தை எவ்ளோ தூக்கிக் காட்டறோம்ங்கற எண், ஏற ஏற படத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும்) போட்டா எந்த ஃபோக்கல் லெங்த்துல எத்தனை படம் எடுத்திருக்கோம்னு வரிசையா வந்துடும். லென்ஸ் வாங்கப் போற யாரா இருந்தாலும் முதல்ல இதைப் பண்ணிப் பாருங்க. என்னோடதுல ரெண்டு முனையிலதான் படம் குவிஞ்சு கிடந்துச்சு, 28லயும் 70லயும், நடுவுல கொஞ்சம்தான். இதை அப்படியே எடுத்துக்கிட்டு ஓ எனக்கு 28 பிடிச்சிருக்குன்னு நினைச்சிடக் கூடாது, 28ல குவிஞ்சிருக்குன்னா அதுக்கும் மேல வைடா போக லென்ஸ்ல இடம் இல்லாம அங்கேயே நின்னிருக்கேன்னு கூட இருக்கலாம். அதனால அந்தப் படங்களை ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். 28ல எடுத்த க்ரூப் ஃபோட்டோவுல ஓரத்துல நிக்கிறவங்க தோள் ஃப்ரேம் விளிம்ப தொட்டுக்கிட்டு இருந்துச்சு, அதுவும் ஒண்ணு ரெண்டுல இல்ல, நிறைய. 70ல எடுத்ததுல க்ராப் பண்ணது ரொம்பக் கம்மி. அப்ப எனக்குக் குறைஞ்சது வைடு பக்கம்தான், டெலி பக்கம் இல்ல.

24க்கும் 28க்கும் வெறும் 4 எம்எம்தானேன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, கணக்குப் போட்டுப் பாத்தா அது எவ்ளோ பெருசுன்னு தெரியும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் அகலம் 36 எம்எம். 3 மீட்டர் தள்ளி நின்னு எடுத்தா 24ல நாலரை மீட்டர் அகலம் ஃப்ரேமுக்குள்ள வரும், 28ல 3.86 மீட்டர்தான். வித்தியாசம் 64 சென்டிமீட்டர், இன்னொரு ஆள் நிக்கிற இடம் அது. பின்னால சுவர் இருக்கற ரூம்ல இந்த ஒரு ஆள் இடம்தான் படத்தைத் தீர்மானிக்கும். டெலி பக்கம் கதையே வேற, 70ல எடுத்ததை 105 மாதிரி தெரியற அளவுக்கு க்ராப் பண்ணா 33 மெகாபிக்சல்ல 14 சொச்சம் மிஞ்சும், கேமராவுலயே ஏபிஎஸ்-சி மோடு (சென்சாரோட நடுப்பகுதிய மட்டும் எடுக்கறது) போட்டாலும் அதே கணக்குதான், பெரும்பாலான வேலைக்கு அது தாராளம். டெலில குறைஞ்சா க்ராப் பண்ணிக்கலாம், வைடுல குறைஞ்சதை அப்புறமா எங்கேருந்து கொண்டு வர்றது, பனோரமா ஒட்டலாம், ஆனா ஆளுங்க அசையற இடத்துல அது நடக்காது.

இதோட டாம்ரான் 28-75 எஃப் 2.8 ஜி2வும் சிக்மா 28-70 எஃப் 2.8 கன்டெம்பரரியும் என் லிஸ்ட்லேருந்து போயிடுச்சு. மனசு வரல, ஏன்னா ரெண்டும் அருமையான லென்ஸ், டாம்ரான் 540 கிராம், சிக்மா 470 கிராம், ரெண்டுக்குமே 67 எம்எம் ஃபில்டர் போதும். ட்ராவல், போர்ட்ரெய்ட் எடுக்கறவங்க, 28 போதும்னு தங்களோட படத்தையே பாத்துத் தெரிஞ்சுக்கிட்டவங்க யோசிக்காம இந்த ரெண்டுல ஒண்ணை எடுக்கலாம், நாள் முழுக்க கழுத்துல தொங்கற வெயிட்ல அது பெரிய நிம்மதி.

அடுத்து வந்தது எஃப் 4ஆ எஃப் 2.8ஆங்கற கேள்வி. சோனி 24-105 எஃப் 4 ஜி கிட்டத்தட்ட என்னைக் கவுத்துடுச்சு, 663 கிராம்ல 105 வரைக்கும் போகுது, லென்ஸ்லயே ஸ்டெபிலைசேஷன் இருக்கு, வெளிச்சத்துல வேலை பண்றவங்களுக்கு இதை விட வசதியான லென்ஸ் சொல்றது கஷ்டம். ஆனா என் ஐஎஸ்ஓ நெடுவரிசையைப் பாத்தப்ப அங்க வேற செய்தி இருந்துச்சு. மேடையில பேசறவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், கை தெளிவா வரணும்னா குறைஞ்சது 125ல ஒரு செகண்ட் ஷட்டர் வேணும், அந்த ஷட்டருக்கு கிட் லென்ஸ் 70ல எஃப் 5.6ல ஐஎஸ்ஓ 12800 கேட்டுச்சு. அதே வெளிச்சத்துல எஃப் 4 இருந்தா 6400, எஃப் 2.8 இருந்தா 3200. 6400 இன்னைக்கு நாய்ஸ் குறைக்கற சாஃப்ட்வேர்ல ஓட்டிடலாம்தான், ஆனா ஸ்கின் டோன்ல 3200க்கும் 6400க்கும் வித்தியாசம் என் கண்ணுக்கு நல்லாவே தெரியுது. ஸ்டெபிலைசேஷன் இதுக்கு உதவாதுங்கறதை மறந்துடாதீங்க, அது நம்ம கை நடுங்கறதைத்தான் பிடிக்கும், எதிர்ல இருக்கறவர் அசையறதை அதால ஒண்ணும் பண்ண முடியாது.

டெப்த் ஆஃப் ஃபீல்டும், அதாவது முன்னும் பின்னும் எவ்ளோ ஆழம் தெளிவா வருதுங்கறதும், ஒரு காரணம். 70ல ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கிறவரை எஃப் 2.8ல எடுத்தா சுமார் 14 சென்டிமீட்டர் ஆழம்தான் ஃபோக்கஸ்ல இருக்கும், எஃப் 4ல 20 கிட்ட. மேடைக்குப் பின்னால இருக்கற பேனர், வயர், நாற்காலி எல்லாத்தையும் கரைச்சு விடறதுக்கு இந்த வித்தியாசம் கை கொடுக்குது.

ஆக 24லேருந்து தொடங்கணும், எஃப் 2.8 வேணும். மிஞ்சினது ரெண்டு, சோனி 24-70 ஜிஎம் 2, சிக்மா 24-70 ஆர்ட் 2. சோனியோட முதல் ஜிஎம் 2016ல வந்தது, 886 கிராம், 2022ல வந்த ரெண்டாவது 695 கிராம். சிக்மாவோட ரெண்டாவது 2024ல வந்துச்சு, 740 கிராம் பக்கத்துல. ரெண்டுக்கும் ஃபில்டர் 82 எம்எம், அபர்ச்சர் துளைய உருவாக்கற ப்ளேடு ரெண்டுலயும் 11, அபர்ச்சர் ரிங் கூட ரெண்டுலயும் இருக்கு. பழைய மாடல் செகண்ட்ஸ்ல குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும்னு அதையும் யோசிச்சேன், ஏறக்குறைய 200 கிராம் அதிகம்ங்கறதால விட்டுட்டேன், கேமராவே 658 கிராம், ஃப்ளாஷ் வேற மேல உக்காரும், சாயங்காலம் மணிக்கட்டு பேசும்.

ரெண்டையும் வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சிக்கே கொண்டு போனேன். வாடகைக்காசு போனாலும் இதுதான் உருப்படியான டெஸ்ட், கடையில நின்னு ரெண்டு க்ளிக் அடிச்சா ஒண்ணும் தெரியாது. ஆட்டோஃபோகஸ்ல என் வேலைக்கு வித்தியாசம் தெரியல, நடந்து வர்றவங்க கண்ணை ரெண்டுமே விடாம பிடிச்சுது. சோனில ஜூம் ரிங் எவ்ளோ இறுக்கமா இருக்கணும்னு மாத்தற ஸ்விட்ச் இருக்கு, அது ரொம்பப் பிடிச்சுது. பக்கத்துல போய் எடுக்கறதுல ரெண்டுமே கில்லாடி, மேஜை மேல இருக்கற மோதிரம், பேட்ஜ் மாதிரி சின்னப் பொருளுக்கு தனி மேக்ரோ தேடாம சமாளிக்கலாம்.

சோனி லென்ஸுக்குன்னு சில உரிமை இருக்கு, அது உங்களுக்குத் தேவையான்னு பாக்கணும். மத்த கம்பெனி லென்ஸ் போட்டா தொடர் ஷூட்டிங் செகண்டுக்கு 15 படத்தோட நின்னுடும், ஏ1, ஏ9 மாதிரி வேகமான சோனி கேமரா வச்சு ஸ்போர்ட்ஸ் எடுக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம், ஆனா ஏ7 4 அதிகபட்சமே 10தான், எனக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்குன்னே தெரியப் போறதில்ல. வீடியோல ஃபோகஸ் மாறும்போது ஃப்ரேம் சுருங்கி விரியற ப்ரீதிங்கை கேமரா சரி பண்றதும் சோனியோட லென்ஸுக்கு மட்டும்தான், நான் வீடியோ எடுக்கறது அபூர்வம். இந்த ரெண்டும் தேவையில்லாதப்ப சிக்மா வெளியானப்ப வச்ச விலை சோனியோடதுல பாதியை ஒட்டி இருந்துச்சுங்கற உண்மை கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. மிச்சமாகற காசுல ஒரு 85 ப்ரைம் வந்துடும், என் படத்துக்கு அதுதான் அதிகம் சேக்கும். சிக்மாதான்னு முடிவு பண்ணேன்.

இதுக்கு நடுவுல செகண்ட்ஸ்ல ஒரு லென்ஸ் பாக்கப் போனதை சொல்லியாகணும், எந்தக் கம்பெனிங்கறது முக்கியமில்ல, யாரோட லென்ஸ்லயும் ஒரு காப்பி இப்படி இருக்கலாம். வெளில பாக்க புதுசு மாதிரி இருந்துச்சு. கேமராவை ட்ரைபாட்ல வச்சு எதிர்ல தூரத்துல இருந்த ஜன்னல் வரிசை வச்ச கட்டிடத்தை 24ல, எஃப் 2.8ல, நேரா நடுவுல ஃபோகஸ் பண்ணி எடுத்தேன். 100 சதவீதத்துல நாலு மூலையையும் பாத்தா மூணு மூலையில ஜன்னல் கம்பி தனித்தனியா தெரியுது, வலது கீழ் மூலையில மட்டும் கம்பியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பூசின மாதிரி. அந்தப் பக்கம் கட்டிடம் தள்ளி இருக்கோன்னு சந்தேகம், அதனால கேமராவைத் தலைகீழா திருப்பி மறுபடி எடுத்தேன், இப்ப வேற ஜன்னல் அந்த மூலைக்கு வந்துச்சு, ஆனாலும் மங்கினது சென்சாரோட அதே மூலைதான். லென்ஸ் உள்ள ஏதோ க்ளாஸ் நகர்ந்திருக்கு, டீசென்டரிங்னு சொல்றது இதைத்தான். எஃப் 5.6 வச்சா கொஞ்சம் தெளியுது, ஆனா எஃப் 2.8 தேடிப் போறவனுக்கு 5.6ல தெளிஞ்சு என்ன பிரயோஜனம். வித்தவர்கிட்ட படத்தைக் காமிச்சு சொல்லிட்டு வந்துட்டேன்.

புதுசா வாங்கின சிக்மாவுக்கும் பெட்டி திறந்த அன்னைக்கே இதே டெஸ்ட் பண்ணேன், 24, 35, 50, 70 நாலுலயும். நாலு மூலையும் ஒரே மாதிரி இருந்துச்சு, எஃப் 2.8ல ஓரம் கொஞ்சம் இருட்டறது எல்லா லென்ஸுக்கும் உள்ளதுதான், ரா ஃபைல்ல (கேமரா பதப்படுத்தாம சேமிக்கற படம்) அந்த லென்ஸுக்கான திருத்தம், அதாவது ப்ரொஃபைல் போட்டா போயிடும், 24ல நேர்கோடு வெளிப்பக்கமா வளையற பேரல் வளைவும் அப்படித்தான். டெஸ்ட் பண்றவங்க ஒண்ணு பாத்துக்கோங்க, கேமரா சுவருக்கு நேரா இல்லாம சாய்ஞ்சிருந்தா நல்ல லென்ஸ் கூட ஒரு பக்கம் மங்கலா காட்டும், அதனாலதான் பக்கத்துச் சுவரை விட்டுட்டு தூரத்துக் கட்டிடத்தை வச்சு எடுக்கறேன். லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடிச்சு ஜூம் தானா நழுவுதான்னும் பாருங்க, சிக்மால 24ல பூட்டி வைக்க லாக் இருக்கு, பையில இருக்கும்போது போட்டு வச்சுக்கறேன்.

கேனான், நிக்கான் வச்சிருக்கறவங்களுக்கு லிஸ்ட் வேற மாதிரி வரும். கேனான் ஆர்எஃப்ல 24-70 எஃப் 2.8 எல் 900 கிராம், 2024ல வந்த 28-70 எஃப் 2.8 ஐஎஸ் எஸ்டிஎம் 495 கிராம், நிக்கான் இசட்ல முதல் 24-70 எஃப் 2.8 எஸ் 805 கிராம், கூடவே 24-120 எஃப் 4 எஸ் 630 கிராம். இதுல எதுவா இருந்தாலும் முதல்ல அந்த ஃபோக்கல் லெங்த் நெடுவரிசையைத் திறந்து, வைடு முனையில எடுத்த படத்தோட ஓரத்தைப் பாருங்க, அப்புறம் ஐஎஸ்ஓவைப் பாருங்க, லிஸ்ட்ல பாதி அங்கேயே கழிஞ்சிடும்.