பெரியம்மா சுமந்தது சிலுவையா?

எங்கள் சபையில் பெரிய வெள்ளி ஆராதனை மதியம் பன்னிரண்டுக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவார்கள். ஏப்ரல் வெயிலில் நாலாவது ஆள் வருவதற்குள் பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்தை விசிறியாக்கியிருப்பார்கள். இந்த வருஷம் பேசியவர்களில் ஒருவர், "குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு சிலுவை உண்டு சகோதரிகளே, முறுமுறுக்காமல் சுமக்கப் பழகுங்கள்" என்றார். அதற்கப்புறம் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, பெரியம்மா நினைப்பு வந்துவிட்டது.

பெரியப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பார். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு ராத்திரி பெரியம்மா கையில் கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் சபைப் பெரியவர்கள் நாலு பேர் வந்து, ஜெபம் பண்ணி, "இது ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவைம்மா" என்று சொல்லி, அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

சிலுவை ரோமர்களின் தண்டனைக் கருவி, இன்று நாம் தங்கத்தில் செய்து கழுத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதுதான். பெரும்பாலும் அடிமைகளையும் கலகக்காரர்களையும்தான் அதில் தொங்கவிட்டார்கள். ஸ்பார்ட்டகஸ் தலைமையில் எழுந்த அடிமைகள் கி.மு. 71-இல் தோற்றபோது, பிடிபட்ட ஆறாயிரம் பேரை கப்புவாவிலிருந்து ரோமாபுரிவரை சாலையோரம் நெடுக அறைந்தார்கள். அதிகாரத்தை எதிர்த்து நின்றால் இதுதான் கதி என்று ஊருக்குக் காட்டுவதற்காக. யாருக்கும் சர்க்கரை வியாதி வந்ததற்காகவோ, புருஷன் குடிகாரனாக வாய்த்ததற்காகவோ அங்கே சிலுவை கிடைக்கவில்லை. நாம்தான் மூட்டுவலியிலிருந்து மாமியார்வரை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டோம்.

பைபிளில் லூக்கா 9:23-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். "ஒருவன் என் பின்னே வர விரும்பினால்" என்றுதான் இயேசு தொடங்குகிறார், அதற்கப்புறம்தான் சிலுவையை எடுத்துக்கொள்வது வருகிறது. அந்த "விரும்பினால்" பிரசங்கங்களில் எப்படியோ காணாமல் போய்விடுகிறது. அடுத்தவனுக்காக ஒரு பக்கம் நின்று, அதற்கு வரும் விலையைத் தெரிந்தே கொடுப்பதுதான் சிலுவை என்று நான் நினைக்கிறேன். இயேசுவும் அடி எங்கே கிடைத்தாலும் போய் நின்று வாங்கிக்கொண்டவர் இல்லை. நாசரேத்தில் மலையிலிருந்து தள்ளப் பார்த்தபோது கூட்டத்தின் நடுவே கடந்து போய்விட்டார், தேவாலயத்தில் கல்லெடுத்தபோது மறைந்து வெளியேறினார். ஜீவனை நானே கொடுக்கிறேன், ஒருவனும் அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது என்று யோவான் பத்தாம் அதிகாரத்தில் சொல்கிறார். அவருக்குத் தப்பிப் போகலாம், பெரியம்மாவுக்குக் கூடாதா?

சபை மட்டும் இல்லை, சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1869-இல் வெள்ளைக்காரன் போட்ட விவாகரத்துச் சட்டத்தில், கிறிஸ்தவப் பெண் புருஷன் அடிக்கிறான் என்று மட்டும் சொல்லி விடுதலை கேட்க முடியாது, அவனுக்கு வேறு தொடுப்பு இருக்கிறது என்பதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். நாடாளுமன்றம் அதைத் திருத்தியது 2001-இல். பெரியம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சிலுவையால் எனக்கு ஆறுதலே இல்லை என்று சொல்ல வரவில்லை. "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கத்திய ஒருவரிடம் ஜெபிக்க முடிகிறது என்பதால்தான் நான் இன்னும் கோவிலுக்குப் போகிறேன். பெரியம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை வருஷம் ஓட்டினார் என்று நினைக்கிறேன். ஆனால் அடிபடுகிறவள் தானே பிடித்துக்கொள்வது வேறு, அடி வாங்காதவர்கள் காப்பி குடித்துவிட்டு அவள் தோளில் தூக்கி வைப்பது வேறு.

இதில் இன்னொன்று, பெரிய வெள்ளியன்று முறுமுறுக்காமல் சுமக்கச் சொன்ன அந்த மனிதர் பேசியது மூன்றாம் வார்த்தைக்கு. "ஸ்திரீயே, அதோ, உன் மகன்." ஆணியில் தொங்கிக்கொண்டே தன் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைக்கிறார். அந்நேரமுதல் அவன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான் என்று அடுத்த வசனம். பொறுத்துக்கொள் என்று அவளிடம் சொல்லவில்லை, போய் இருக்க ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் அப்போது நாலு நெல் மூட்டைதான் கிடந்தது.