பிக்கப்பைக் கரட்டுப் பாதைக்குப் பழக்கிய கதை

பிக்கப் அடிப்படையில் ஒரு சுமை வண்டி. ஏணிச் சட்டம், பின்னால் பட்டை ஸ்பிரிங், அதற்கு அடியில் ஒரே குழாயாக ஓடும் பின் ஆக்ஸில். சுமை ஏற்றினால் அடங்கி ஓடும். காலியாக ஓட்டினால் ஒவ்வொரு குழிக்கும் பின்புறம் துள்ளும். இப்படிப்பட்ட வண்டியைப் பாறைக்கும் சேற்றுக்கும் தயார் செய்தேன் என்றால், "எத்தனை இன்ச் தூக்கியிருக்கீங்க?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சஸ்பென்ஷனை மாற்றி வண்டியை உயர்த்துவதைத்தான் தூக்குவது என்கிறார்கள். தூக்கியது இரண்டு இன்ச். ஆனால் அது வேலையின் பின்பாதியில் நடந்தது. அதற்கு முன்னால் செய்தவைதான் வண்டியைப் பெரிதும் மாற்றின. அவற்றில் பாதி போட்டோவில் தெரியவே தெரியாது.

நான் வாங்கியது பழைய டீசல் வண்டி. வேண்டும்போது மட்டும் முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ். புதுச் சாமான் எதையும் வாங்குவதற்கு முன்னால், அடியில் படுத்து இருப்பதைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி), முன் பின் டிஃபரன்ஷியல் (இடம் வலம் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதி) என்று எல்லா ஆயிலையும் இறக்க வேண்டும். இதில் ஒரு சின்ன ஒழுங்கு உண்டு. ஆயில் இறக்கும் நட்டைத் தொடுவதற்கு முன்னால், ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆயிலை முழுக்கக் கீழே விட்ட பிறகு மேல் நட்டு துருவேறி அசையாவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

பின் டிஃபரன்ஷியலின் காந்த நட்டு நுனியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் குழைவாக ஒட்டியிருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நெருடவில்லை. பல்லும் பேரிங்கும் இயல்பாகத் தேய்ந்த தூள் அது. சில்லு சில்லாக வந்தால்தான் அதன் வெளிக்கூடான ஹவுசிங்கைத் திறக்க வேண்டும். முன்பக்கக் கதை வேறு. நட்டைத் திருகியதும் முதலில் சொட்டியது தண்ணீர். அதன் பின்னால்தான் வெளுத்துப் போய் நுரைத்த ஆயில் வந்தது.

சீல் எல்லாம் நன்றாக இருக்க, தண்ணீர் எப்படிப் போனது? ஓடும்போது டிஃபரன்ஷியல் சூடாகும், உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற மேலே ஒரு சின்ன பிரீதர் உண்டு. அந்தச் சூட்டோடு வண்டியை ஓடைக்குள் இறக்கினால் ஹவுசிங் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும். அந்த நேரத்தில் பிரீதர் தண்ணீருக்கு அடியில் இருந்தால் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் சேறு பிடித்து அடைத்திருந்தாலோ, ஆயில் சீலின் உதடு வழியாக இழுக்கும். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கை அரித்துவிடும். இதற்கு மருந்து ஒரு ரப்பர் ஹோஸ். முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்கிலிருந்தும் ஹோஸ் இழுத்து, பானட்டுக்குள் உயரமான இடத்தில் ஒரு சின்ன ஃபில்டரோடு முடித்தேன். பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஹோஸை மட்டும் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும். ஆக்ஸில் முழுக்கத் தொங்கும்போது இழுபட்டு அறுந்துவிடக் கூடாது. ஒரு மதிய வேலைதான். என்னைக் கேட்டால் வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிட்டைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அடுத்தது டயர். கம்பெனி கொடுத்தது 245/70 ஆர்16 (மி.மீ.யில் அகலம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம், இன்ச்சில் ரிம் விட்டம்). அதை தாருக்கும் கரட்டுக்கும் பொதுவான 265/70 ஆர்16 ஆல் டெரெய்ன் டயராக மாற்றினேன். மட் டெரெய்ன் சேற்றில் கெட்டிக்காரன்தான். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சல், ஈரத்தில் பிடிப்பும் குறைவு. என் ஓட்டத்தில் பெரும்பகுதி தார் என்பதால் ஆல் டெரெய்ன் போதும். பழைய டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ., புதியது சுமார் 777. வித்தியாசத்தில் பாதி, அதாவது 14 மி.மீ. உயரம் கிடைத்தது. அற்பமாகத் தெரியும், ஆனால் பின் டிஃபரன்ஷியலின் அடிவயிறு தரையிலிருந்து உயர வேண்டுமென்றால் டயர்தான் வழி. பின் ஆக்ஸில் முழுதாகச் சக்கரத்தோடு கோத்திருக்கிறது; சஸ்பென்ஷனை எத்தனை இன்ச் தூக்கினாலும் சட்டமும் கேபினும்தான் மேலே போகும், அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொன்று, டயர் பெரிதானதால் வேகமானி குறைத்துக் காட்டும். 80 என்று காட்டும்போது உண்மையில் 83 போய்க்கொண்டிருப்பேன். கிலோமீட்டர் கணக்கும் அதே விகிதத்தில் குறைவதால் சர்வீஸை அந்த அளவுக்கு முன்கூட்டியே செய்கிறேன்.

டயரை விடக் காற்று முக்கியம். முதன்முதலில் கல் மேட்டில் ஏறமுடியாமல் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தபோது, கூட வந்த மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "காத்தை இறக்குங்க சார், அப்புறம் பேசலாம்." 35 பிஎஸ்ஐ-யிலிருந்து 20-க்கு இறக்கினேன். அதே மேடு, அதே கியர், சத்தமே இல்லாமல் ஏறியது. காற்று குறைந்தால் டயர் அகலத்தைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும், கல்லின் மேல் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் குத்தும் கல்லுக்கும் நெகிழ்ந்து கொடுக்கும். மணலுக்கு 15 வரை போவேன். அதற்கும் கீழே போனால், ஸ்டியரிங்கை வேகமாக வளைக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். காற்றை இறக்கிய பின் வேகத்தையும் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் சூடேறிக் கெடும். தாருக்கு வந்ததும் நிரப்புவதற்காகவே ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸரைப் பானட்டுக்குள் நிரந்தரமாகப் பூட்டினேன்.

இத்தனைக்கும் பிறகுதான் லிஃப்ட். இங்கே ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கூப்பிடும். முன்பக்கம் தனிச்சக்கர சஸ்பென்ஷன். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டுக்கு மேல் ஸ்பேசர் வைத்துத் தூக்குவது மலிவான வழி. ஆனால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையதேதான். அதனால் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் சேர்த்தே மாற்றினேன். தூக்கியதும் முன்சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதன் மடங்கும் மூட்டான சிவி ஜாயின்ட்டின் ரப்பர் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரச ஆரம்பித்தன. அந்த மடிப்பில் நுண்ணிய மணல் சேர்ந்தால் பூட் கிழியும், கிரீஸ் வெளியேறும், பிறகு திருப்பத்தில் டக்டக் என்று சத்தம் கேட்கும். இரண்டு இன்ச்சோடு நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். அடுத்து அலைன்மென்ட். தூக்கினால் காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் சோம்பும், வேகத்தில் வண்டி அலையும். சக்கரத்தைத் தாங்கும் பழைய கன்ட்ரோல் ஆர்ம்களில் சரிசெய்ய இடம் போதாமல், மேல் ஆர்ம் இரண்டையும் மாற்றிய பிறகே அடங்கியது.

பின்பக்கப் பட்டை செட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரே கேள்விதான்: வண்டியில் எப்போதும் எத்தனை கிலோ இருக்கும்? டிக்கியில் டூல் பாக்ஸ், கூடுதல் ஸ்டெப்னி, தண்ணீர் கேன் எல்லாவற்றையும் எடை போட்டேன். 200 கிலோ சொச்சம் வந்தது. அதற்கேற்ற செட்டையே போட்டேன். அரை டன்னுக்கான பட்டையைப் போட்டுக்கொண்டு காலியாகச் சுற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதுகு பாவம். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைப் பழையதையே திரும்ப மாட்டக் கூடாது. ஒருமுறை இறுக்கும்போதே அது நீண்டுவிடும். புதிதாகப் போட்டு 500 கி.மீ. ஓட்டிய பிறகு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி இறுக்க வேண்டும். என் வண்டியில் பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டு என்பதால், தூக்கியதும் கிளம்பும்போது ஒரு நடுக்கம் வந்தது. நடு பேரிங்கைக் கொஞ்சம் கீழே இறக்கும் ஸ்பேசர் போட்டதும் நின்றது. பிரேக் ஹோஸின் நீளம், ஏபிஎஸ் ஒயரின் நீளம், ஹெட்லைட்டின் கோணம், இந்த மூன்றையும் மறந்துவிடாதீர்கள். ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எவ்வளவு தூக்கலாம், எதை மாற்றலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். முதலில் அதைப் பார்த்து, காப்பீட்டிலும் தெரிவித்துவிட்டுத்தான் கை வைத்தேன்.

இரும்பு பம்பரும், சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சும் அழகுதான். ஆனால் இரண்டும் சேர்ந்து மூக்கில் நூறு கிலோவுக்கு மேல் ஏற்றும். வண்டியில் ஏற்ற அனுமதித்த சுமையிலிருந்து அது கழியும், போட்ட ஸ்பிரிங்கும் தணியும். நான் பம்பரைத் தொடவில்லை. மறைவாகச் சட்டத்தோடு பூட்டும் தட்டில் வின்ச்சை வைத்து, இரும்புக் கயிற்றுக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு போட்டேன். வின்ச்சின் திறன் வண்டியின் மொத்த எடையில் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் பெட்டியில் எழுதிய அந்தத் திறன் டிரம்மில் முதல் சுற்றுக்குத்தான். கயிறு மேலே மேலே சுற்றச் சுற்ற இழுவை குறையும். ஒரு கப்பியை மரத்தில் மாட்டிக் கயிற்றைத் திருப்பி வண்டியிலேயே கட்டினால் இழுவை கிட்டத்தட்ட இரட்டிக்கும். மரத்துக்குப் பட்டை பெல்ட், கயிற்றின் மேல் கனமான ஒரு விரிப்பு, ஆட்கள் எட்ட நிற்பது, இவை மூன்றும் இல்லாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை. டிரெய்லர் மாட்டும் டோ பாலில் கயிறு கட்டி இன்னொரு வண்டி வெடுக்கென்று இழுப்பதை எங்கே பார்த்தாலும் தடுத்துவிடுங்கள். அது முறிந்தால் துப்பாக்கிக் குண்டுதான். உயிர்கள் போயிருக்கின்றன.

எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாயான ஸ்னார்க்கலைப் பற்றி ஒரு வார்த்தை. அது வண்டியை நீர்மூழ்கி ஆக்காது. எனக்கு அதனால் கிடைத்த லாபம் தூசி. முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதிக்கு மேலே இருந்து எஞ்சின் மூச்சு விடும். ஆனால் ஒரு இணைப்பு சரியாக இறுகாவிட்டாலும் புழுதி அந்த வழியே நுழையும். அதனால் ஏர் ஃபில்டருக்கு அப்புறம் உள்ள குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியால் உட்புறத்தைத் துடைத்துப் பார்ப்பேன். துணியில் மண் நிறம் வந்தால் எங்கோ ஓட்டை. அது பிஸ்டன் ரிங்கைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பராமரிப்பு என்று பார்த்தால், போய்வந்த மறுநாள் கழுவுவதுதான் பாதி வேலை. அடியில் பூட்டும் உலோகத் தகடான ஸ்கிட் பிளேட் அடியைக் காப்பாற்றும், ஆனால் அதன் மேல் சேறு தங்கிக் காய்ந்து சூட்டை அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றிக் கழுவுகிறேன். ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே உள்ள இடுக்கில் தண்ணீரை மெதுவாக விட வேண்டும். பிரஷர் வாஷரை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். பின் பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே உட்கார்ந்திருக்கும் சேற்றைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் ஜாயின்ட்டுக்கு நிப்பிள் வழியாக, பழைய கிரீஸ் நான்கு பக்கமும் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை இறக்க வேண்டும். டிஃபரன்ஷியலின் ஊற்றும் நட்டைத் திறந்து விரல் நுனியில் ஆயில் நிறத்தைப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

சஸ்பென்ஷன் நட்டு ஒவ்வொன்றிலும், இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுத்திருக்கிறேன். கோடு உடைந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. ஸ்பேனரே எடுக்காமல், டார்ச் அடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பட்டையின் முன் புஷ் போல்ட் ஒன்று தளர்ந்ததை இப்படித்தான் பிடித்தேன்.

மிச்சம் இருப்பது லாக்கர், அதாவது இரண்டு சக்கரத்தையும் பூட்டி ஒன்றாகச் சுழலவைக்கும் சாதனம். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுழற்ற எவ்வளவு விசை போதுமோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும், வண்டி நகராது. இப்போதைக்கு ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் ஏற்றிச் சுழலும் சக்கரத்தைக் கொஞ்சம் அடக்கி, மற்றதற்கு விசை போகவைத்துச் சமாளிக்கிறேன். பின் டிஃபரன்ஷியல் பேரிங் மாற்றும் காலம் வரும்போது ஹவுசிங்கை எப்படியும் திறக்க வேண்டும், பல்லின் இடைவெளியைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். அந்தக் கூலியோடு சேர்த்து, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் லாக்கரைப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அதற்கும் சேர்த்துப் பார்த்துத்தான் கம்ப்ரஸரைக் கொஞ்சம் பெரியதாக வாங்கினேன்.