சித்தப்பாவும் பகோடா பாயிண்ட்டும்

சித்தப்பாவோடு ஏற்காடு போகாதே என்று அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டாள். வண்டியும் அவருடையது, டீசலும் அவருடையது என்றால் எனக்கு எப்படிக் காது கேட்கும்?

கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை மனுஷர் நல்ல சேலத்துத் தமிழில்தான் பேசிக்கொண்டு வந்தார். 20 கொண்டை ஊசி வளைவும் முடிந்து, ஸ்வெட்டர் போட்ட ஆட்கள் கண்ணில் பட்டார்களோ இல்லையோ, இங்கிலீஷ் வந்துவிட்டது. 5,000 அடி உயரத்தில் எனக்குக் காது அடைக்கும். அவருக்கு நாக்கு திரும்பிக்கொள்ளும்.

மேப் பார்க்கலாம் என்றால் கூடாது. தமிழில் கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வான், இங்கிலீஷில் கேட்டால்தான் பயந்து சரியாகச் சொல்வான் என்பது அவர் கட்சி. ஒண்டிக்கடை ரவுண்டானாவில் மிளகும் பட்டையும் விற்றுக்கொண்டிருந்த அக்காவிடம் கண்ணாடியை இறக்கி, "எக்ஸ்க்யூஸ் மீ மேடம், விச் வே டு பகோடா பாயிண்ட்?"

அந்த அக்கா ஏற இறங்கப் பார்த்தது. "சீதா ஜாவ் சாப், லெஃப்ட். காலிமிர்ச் லேலோ!"

வாய் லெஃப்ட் என்றது, கை வலது பக்கம் காட்டியது. சித்தப்பாவுக்கு இந்தியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணக்கூட வராது. ஆனாலும் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டி, மிளகு ஒரு பாக்கெட்டும் வாங்கிவிட்டார். விலையும் வடக்கத்தி விலைதான். பின் சீட்டிலிருந்து சித்தி, "ஏக்கா, அநியாயத்துக்குச் சொல்றியே" என்று ஆரம்பித்த பிறகுதான் பாதியாகக் குறைந்தது.

போய் நின்ற இடம் பகோடா பாயிண்ட் இல்லை, லேடீஸ் சீட் என்ற வேறொரு வியூ பாயிண்ட். கீழே சேலம் முழுக்கத் தெரிந்தது. சித்தி அஸ்தம்பட்டிப் பக்கமாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மோட்டாரை நிறுத்தினோமா என்று கவலைப்பட்டாள்.

சித்தப்பா சுண்டல் வாங்கப் போன நேரத்தில் நான் சிரித்தேன். "சிரிக்காதடா. போன வருஷம் என் ஆபரேஷன் அன்னைக்கும் நர்ஸ்கிட்ட ராத்திரி பூரா இங்கிலீஷ்தான். அந்தப் பொண்ணு ஆத்தூர்க்காரி. பயம் வந்துட்டா மனுஷனுக்குத் தமிழ் வராது" என்றாள். மலையேறும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாரே, அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

இருட்டில் கொண்டை ஊசி வேண்டாம் என்று குப்பனூர் வழியாக இறங்கினோம். பனி மூடிக்கொண்டது. ஒரு பிரிவு ரோட்டில் வண்டி நின்றது. சித்தப்பா பேசவே இல்லை.

"கேளுங்க, இங்கிலீஷ்லயே கேளுங்க" என்றாள் சித்தி.

கண்ணாடி இறங்கியது. "எக்ஸ்க்யூஸ் மீ..."

ஆடு ஓட்டிக்கொண்டு வந்தவர் நம்பர் பிளேட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். "சேலத்துக்குங்களா? இப்படியே இறங்குங்கண்ணா."

"தேங்க்யூ வெரி மச்" என்றார் சித்தப்பா.