தை முகூர்த்தத்துக்கு அந்தமான், ஆவணிக்கு வேறு தீவு: குறைந்த செலவில் ஹனிமூன்

எந்தத் தீவுக்கு ஹனிமூன் போவது என்பதைப் பாதி முடிவு செய்கிறவர் உங்கள் வீட்டு ஜோசியர். முகூர்த்தம் எந்த மாதத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் தீவைத் தேடினால் நிறையப் பணம் அங்கேயே மிச்சம். எனக்குத் தையில் கல்யாணம், நாங்கள் போனது அந்தமான். சித்தி பெண்ணுக்கு வரும் ஆவணியில் கல்யாணம், “அக்கா, நீங்க போன அதே பிளானை எனக்கும் அனுப்புங்க” என்று வாட்ஸப்பில் நச்சரிக்கிறாள். அந்த பிளான் அவளுக்கு உதவாது. ஏன் என்று எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது, மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கேயே போட்டுவிடுகிறேன்.

அந்தமானுக்கு இரண்டு மழையும் உண்டு. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் நமக்கு வருகிற அதே வடகிழக்கு. கடல் அடங்கி, தண்ணீர் தெளிந்து, படகுகள் ரத்தாகாமல் ஓடுவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, அதாவது தை, மாசி, பங்குனி. மார்கழியில் நம் ஊரில் கல்யாணம் கிடையாது, ஆனால் அங்கே கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் அப்போதுதான் அள்ளும், ரூம் வாடகையும் உச்சத்தில் நிற்கும். பொங்கல் விடுமுறை, குடியரசு தினத்தை ஒட்டி வருகிற விடுமுறை எல்லாம் கழிந்த பிறகு, பிப்ரவரியில், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்பதால் குடும்பங்கள் கிளம்பாது. தை கடைசியில் முகூர்த்தம் வைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சித்திரைக்காரர்களும் போகலாம், ஆனால் அது பள்ளி விடுமுறை. போதாததற்கு மத்திய அரசு ஊழியர்கள் எல்.டி.சி. என்கிற விடுமுறைப் பயணப் படியில் அந்தமானுக்கு விமானத்திலேயே போய்வரச் சலுகை இருப்பதால், டெல்லி, கொல்கத்தாவிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாளே கிளம்பலாம் என்று மட்டும் கனவு காணாதீர்கள். மறுவீடு, குலதெய்வம் கோயில், பெரியப்பா வீட்டு விருந்து, மாமா வீட்டு விருந்து, அதற்குள் யாராவது ஒரு அத்தை கோபித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஒரு தனி விருந்து. முகூர்த்தத்திலிருந்து பத்து நாளாவது தள்ளி டிக்கெட் போடுங்கள், போடும் முன் இரண்டு பக்க அம்மாக்களிடமும் தேதியைச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். விமான டிக்கெட்டில் தேதி மாற்றக் கட்டுகிற காசில் அங்கே ஒரு நாள் நல்ல ரூமில் தங்கிவிடலாம்.

முதலில் நாங்களும் ஒரு டிராவல் ஏஜென்டிடம் விசாரித்தோம். ஐந்து இரவுக்கு இருவருக்குமாக எழுபத்தைந்தாயிரம், விமான டிக்கெட் தனி. அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்தால், மெத்தையில் ரோஜா இதழால் ஒரு இதயம், ஒரு கேக், ஒரு நாள் கேண்டில் லைட் டின்னர், தினமும் காலை எட்டு மணிக்கு கார். கல்யாண வீட்டு அலைச்சலிலிருந்து தப்பித்துப் போகிற இரண்டு பேருக்கு எதற்கு எட்டு மணி கார்? அந்த ரோஜா இதழைத் தட்டிவிட்டுப் படுக்கவே கால் மணி நேரம் ஆனது என்று எனக்கு முன்னால் கல்யாணமான தோழிகள் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பேக்கேஜை மறந்துவிட்டு, விமானம், படகு, ரூம் மூன்றையும் தனித்தனியாக நாங்களே புக் செய்தோம். ரூம் புக் செய்யும்போது ஹனிமூன் என்று சொல்லவில்லை. சொன்னால் கேக்கும் பூவும் பில்லில் ஏறிவிடும்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். 2024 செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனாலும் எல்லார் வாயிலும் இன்னும் போர்ட் பிளேர்தான். கப்பலும் உண்டு, சுமார் மூன்று நாள் பயணம். மலிவுதானே, போகலாமா என்று இவர் ஆசையாகக் கேட்டார். அடுக்குப் படுக்கை போட்ட பங்க் வகுப்பில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே ஆடி ஆடிப் போவதைத் தாம்பத்தியத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விமானம் என்றால் காலையில் போய் இறங்குவதுபோல் பார்த்து எடுங்கள். மதியப் படகைப் பிடித்து அன்றைக்கே ஹேவ்லாக் தீவுக்குப் போய்விட்டால் ஒரு இரவு வாடகையும் ஒரு நாளும் மிச்சம். ஆனால் இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும், விமானம் தாமதமானால் படகு உங்களுக்காகக் காத்திருக்காது.

படகுதான் முதலில் புக் செய்ய வேண்டியது, ரூம் அப்புறம். ரூம் எப்போதும் கிடைக்கும், நமக்குத் தோதான நேரத்துப் படகில் சீட் கிடைக்காது. அரசுப் படகு, தனியார் படகு என்று இரண்டு இருக்கிறது. தனியார் படகு ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடும், ஏ.சி. போட்ட கண்ணாடிக்குள் சீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள், ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல். அரசுப் படகு இரண்டரை மணி நேரம்போல் ஆகும், கட்டணம் குறைவு, மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். நாங்கள் இரண்டிலும் போனோம், எனக்குப் பிடித்தது அரசுப் படகு. டிக்கெட்டில் ஹேவ்லாக், நீல் என்று தேடினால் குழப்பம் வரும். 2018இலிருந்து ஹேவ்லாக் சுவராஜ் தீவு, நீல் ஷாஹீத் தீவு. அசல் ஆதார் கார்டு கையில் இருக்கட்டும். பஸ்ஸில் போனாலே தலை சுற்றுகிறவர் என்றால் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே ஒரு அவோமின் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

ஹேவ்லாக்கில் ரூம் எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரிசார்ட்டுகள் பெரும்பாலும் கோவிந்த் நகர், விஜய் நகர் பக்கம், அதாவது கிழக்குக் கரையில். அங்கே வற்றம் வந்தால் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும், கல்லும் செத்த பவளமுமாகத் தரை தெரியும், பாதி நாள் கால் நனைக்கக்கூட முடியாது. இந்த “சீ வியூ”வுக்குத்தான் இரண்டு மடங்கு வாடகை கேட்கிறார்கள். குளிக்கிற கடல் மேற்கே ராதாநகரில் இருக்கிறது, கிழக்குப் பக்கம் எங்கே தங்கினாலும் அங்கே வண்டி எடுத்துத்தான் போக வேண்டும். அதனால் கடலைப் பார்த்த ரூம் வேண்டாம் என்று பின்வரிசையில், தோட்டத்துக்குள் இருந்த குடிசை ஒன்றை எடுத்தோம், இரவுக்கு மூவாயிரத்துக்குள். கடல் நடந்து போனால் இரண்டு நிமிடம். அங்கே போனதும் ஒரு ஸ்கூட்டர் வாடகைக்கு எடுங்கள், ஒரு நாளைக்கு ஐநூறு, அறுநூறு ரூபாய். ராதாநகர் போய்வர ஆட்டோ பேசினால் ஒரே தடவையில் அதற்கு மேல் போய்விடும்.

ராதாநகரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்றது, இப்போது சுத்தமான கடற்கரைகளுக்குத் தருகிற நீலக்கொடிச் சான்றும் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது நேரத்தைப் பற்றி. இந்தியாவுக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிற இடம், கடிகாரம் மட்டும் நம்முடையது. பிப்ரவரியில் ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது. மெரினாவுக்குக் கிளம்புவதுபோல் டீ குடித்துவிட்டு ஐந்து மணிக்கு மேல் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். மூன்று மணிக்கே போய்விடுங்கள், குளித்து, உட்கார்ந்து, சூரியன் இறங்கும் வரை இருந்துவிட்டு வாருங்கள். உயிர்காப்பாளர்கள் விடுகிற இடத்தில் மட்டும் இறங்குங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு, அந்த எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைத்தவை அல்ல. இரவில் அந்தத் தீவில் செய்ய ஒன்றும் கிடையாது, ஒன்பது மணிக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுகிறார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் இதைப் பற்றிப் புகார் சொல்லி நான் கேட்டதில்லை.

சாப்பாட்டுக்கு ரிசார்ட்டை நம்ப வேண்டாம். பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியேற்றிய தீவு அது, அதனால் ஊர்ச் சாப்பாடு என்றால் வங்காளச் சாப்பாடுதான். கோவிந்த் நகர் மார்க்கெட்டில் சின்னச் சின்ன ஓட்டல்கள் இருக்கின்றன, சோறு, பருப்பு, கடுகு அரைத்து ஊற்றிய மீன் குழம்பு, ஒரு பொரியல், இருநூற்று ஐம்பது ரூபாய்க்குள் வயிறு நிறைந்துவிடும். கடுகு எண்ணெய் வாடை முதல் நாள் எனக்குக் குமட்டியது, மூன்றாம் நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். போர்ட் பிளேரில் அந்தக் கவலையே இல்லை, இட்லி, பொங்கல், பரோட்டா எல்லாம் கிடைக்கும், ஆட்டோக்காரர் “எந்த ஊர்ப் பக்கம்?” என்று தமிழிலேயே விசாரிப்பார். அங்கே வெற்றிமலை முருகன் கோயில் ஒன்று இருக்கிறது, பங்குனி உத்திரம் பெரிதாக நடக்கும். மாமியாருக்கு அங்கே நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினோம், ராதாநகர் போட்டோக்களுக்குக் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைத்தது.

நாங்கள் தாராளமாகச் செலவு செய்தது ஸ்கூபா டைவிங்குக்கு மட்டும். நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பயிற்சியாளர் பின்னாலேயே பிடித்துக்கொண்டு வருவார். ஆளுக்கு நாலாயிரம் ஆனது, அதற்கு ஈடாக ஜெட் ஸ்கி, வாழைப்படகு எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். டைவ் செய்த 24 மணி நேரத்துக்குள் விமானம் ஏறக்கூடாது, அதனால் இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பாரட்டாங் தீவுக்கும் நாங்கள் போகவில்லை. இரவு மூன்று மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டும், அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது, அவர்களை வேடிக்கை பார்க்கத்தான் பாதிப் பேர் போகிறார்கள் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீல் தீவு சின்னது, சைக்கிளிலேயே சுற்றலாம். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று ராமாயணப் பெயர்கள். லக்ஷ்மண்பூரில் இருக்கிற கல்பாலத்தை வற்றம் இருக்கும் நேரம் விசாரித்துப் போய்ப் பாருங்கள், ஏற்றம் என்றால் போகவே முடியாது.

கணக்கைக் கேட்டாள் தங்கை, சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் சேர்த்து விமானம் 21,000, படகுகள் 7,500, ரூம் 16,000, சாப்பாடு 9,000, ஸ்கூட்டர், பெட்ரோல், ஆட்டோ 4,500, டைவிங் 8,000. அங்கும் இங்கும் சில்லறைச் செலவு சேர்த்தாலும் எழுபதாயிரத்தைத் தாண்டவில்லை. கடைசி இரவு மட்டும் கண்டிப்பாகப் போர்ட் பிளேரில் இருங்கள். கடல் கொந்தளித்துப் படகு ரத்தானால் விமானத்தையும் விட வேண்டிவரும். செல்லுலார் சிறையை அந்த நாளில் பார்த்துக்கொள்ளலாம். கரையில் கிடக்கிற பவளத்தையும் சிப்பியையும் பொறுக்கிப் பெட்டியில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.

சரி, ஆவணிக்கு வருவோம். ஆகஸ்ட், செப்டம்பரில் அந்தமானில் ரூம் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் படகு ஓடுமா என்று தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவளுக்கு மாலத்தீவு ஆசையும் இருக்கிறது. தண்ணீருக்கு மேல் வீடு கட்டி வைத்திருக்கிற ரிசார்ட்டில் ஓரிரண்டு இரவு தங்கினால் எங்கள் மொத்தச் செலவும் போய்விடும். மாஃபுஷி மாதிரி மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதிகள் மலிவு, இந்தியர்களுக்கு விசா போய் இறங்கியதும் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் இணையத்தில் காட்டுகிற வாடகையோடு முடியாது: 17 சதவீத சுற்றுலா ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம், சின்ன விடுதி என்றாலும் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டாலர் பசுமை வரி என்று மேலே ஏறிக்கொண்டே போகும். போதாததற்கு ஆவணி அங்கேயும் மழைக்காலம். லட்சத்தீவும் அப்படித்தான், அதற்கு அனுமதிச் சீட்டு வேறு முன்கூட்டியே வாங்க வேண்டும்.

அவளுக்கு நான் சொல்வது திருகோணமலை. இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் மழை கொட்டும்போது கிழக்குக் கரை காய்ந்து கிடக்கும், மே முதல் செப்டம்பர் வரை கடல் குளம்போல் இருக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடலை ஒட்டியே சின்ன விடுதிகள் இருக்கின்றன, நிலாவெளியிலிருந்து படகில் புறாமலைத் தீவுக்குப் போனால் கழுத்தளவுத் தண்ணீரிலேயே பவளமும் மீனும் பார்க்கலாம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து பஸ். பேச்சுக்குத் தமிழ் போதும், அவள் மாமியாருக்குப் போட்டோ அனுப்பக் கோணேஸ்வரம் சிவன் கோயில் இருக்கிறது. அக்டோபர் நடுவில் அந்தப் பக்கம் மழை தொடங்கிவிடும், அதனால் விருந்துகளைக் காரணம் காட்டித் தள்ளிக்கொண்டே போகக் கூடாது.

பாஸ்போர்ட்டில் உடனே கணவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேவையே இல்லை. அப்பா பெயரோடு இருக்கிற பழைய பாஸ்போர்ட் தாராளமாகச் செல்லும், குறைந்தது ஆறு மாதமாவது காலாவதி பாக்கி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். டிக்கெட்டை மட்டும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரில், இனிஷியலை விரித்து எழுதியிருந்தால் அப்படியே எழுத்து மாறாமல் போடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை ஆசையாகத் தன் பெயரை அவள் பெயருக்குப் பின்னால் ஒட்டி டிக்கெட் எடுத்துவிடப் போகிறார்.