பேனா மூடி

"கண்ணாடியை வீட்டிலேயே வச்சிட்டு வந்துட்டேன் தம்பி, இதைக் கொஞ்சம் எழுதித் தர்றியா?"

மருத்துவமனையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா படிவத்தை நீட்டினார். மொத்தமே நாலு நிமிஷ வேலை. அந்த நாலு நிமிஷமும் என் பேனாவின் மூடியை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார், என்னுடைய பெரிய சொத்து ஒன்றைக் காவல் காப்பதுபோல.

காலையிலிருந்து மனசு பாரமாக இருந்தது. எழுதி முடித்தபோது அது எப்படியோ இறங்கியிருந்தது.

2008-இல் உளவியலாளர் எலிசபெத் டன் குழுவினர் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்து, ஒரு பகுதியினரைத் தங்களுக்காகவும் மற்றவர்களைப் பிறருக்காகவும் அன்றைக்கே செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் கேட்டபோது பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டாகவே இல்லை.

உதவி கேட்கத் தயங்கி எத்தனை முறை பேசாமல் இருந்திருக்கிறேன்! அப்போதெல்லாம் இந்த லேசான மனசு யாரோ ஒருவருக்குக் கிடைக்காமலே போயிருக்கும், இல்லையா?

அவரைக் கூப்பிட்டார்கள். எழுந்து இரண்டடி போனவர் திரும்பி வந்து, மூடியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் மடக்கிவிட்டுப் போனார்.