கல்கரியில் ஒரு கீதாரி

ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, எங்கள் கணக்குப் பிரிவு மேலாளர் அகன்ற விளிம்புத் தொப்பியும் கூர்முனை பூட்ஸும் அணிந்து, ஒன்றுமே நடவாததுபோல் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1912இல் தொடங்கிய ஸ்டாம்பீட் திருவிழாவின்போது கனடாவின் கல்கரி நகரம் பத்து நாட்களுக்கு இப்படித்தான் கௌபாய் வேடம் கட்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாமும் கலந்துகொள்வோமே என்று, எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளோடு நடந்தே வந்து, உரத்துக்காக வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவதை ஆர்வத்தோடு விவரித்தேன். பக்கத்து மேசைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆடு மேய்ப்பவர் கௌபாய் ஆக மாட்டார்" என்றார். கீதாரியே கேட்டிருந்தால் சிரித்திருப்பார். எனக்கோ முகம் சுருங்கிவிட்டது.

அதைக் கவனித்த இன்னொரு தோழி மறுநாள் அமெரிக்க எழுத்தாளர் ஆனி புரூ எழுதிய 'புரோக்பேக் மவுண்டன்' கதையைக் கொண்டுவந்து கொடுத்து, "இவர்களும் ஆடுதான் மேய்க்கிறார்கள்" என்றார். 1997இல் 'நியூயார்க்கர்' இதழில் வெளியான சிறுகதை அது. வயோமிங் மாநிலத்தில் 1963ஆம் ஆண்டுக் கோடையில், எனிஸ், ஜாக் என்ற இரண்டு ஏழை இளைஞர்கள் ஆயிரம் ஆடுகளையும் அவற்றின் குட்டிகளையும் மலைமேல் காவல் காக்கிறார்கள்; அங்கே அவர்களுக்குள் உண்டாகும் காதல் இருபது ஆண்டுகள் மறைவாகவே நீள்கிறது. இரண்டு ஆண்களின் காதல் என்பதால் தோழி என் முகத்தைச் சற்றுத் தயக்கத்தோடு பார்த்தார். நானோ முதல் சில பக்கங்களில் காதலைத் தேடவே இல்லை. ஓநாய் வகை விலங்குகளுக்குப் பயந்து ஒருவர் மந்தையோடு தீ மூட்டாமல் படுக்க வேண்டும் என்று முதலாளி உத்தரவிடுவதைப் படித்ததும், நரிக்குப் பயந்து குட்டிகளைக் கொடாப்பு என்ற கூண்டில் அடைக்கும் எங்கள் வயல் கண்முன் வந்து நின்றது.

கதையின் பெரும்பலம் இந்தத் தொழில் விவரம்தான். புயலில் மந்தை சிதறி, சிலி நாட்டு இடையர்களின் ஆடுகளோடு கலந்துவிடுகிறது. சாய அடையாளங்கள் மங்கிப்போயிருக்க, எனிஸும் ஆங்கிலம் தெரியாத ஓர் இடையரும் நாள்கணக்கில் ஆடுகளைப் பிரிக்கிறார்கள். அவ்வளவோடு அந்தச் சிலிக்காரர் கதையிலிருந்து போய்விடுகிறார். ஆனால் வந்த புதிதில் மளிகைக் கடையில் கையைக் காட்டியே பொருள் வாங்கிய எனக்கு, நாயகர்களைவிட அவர்தான் அதிக நாள் மனத்தில் இருந்தார். வயோமிங் பேச்சு வழக்கை அப்படியே எழுத்தில் இறக்கியிருப்பது இன்னொரு பலம் என்பார்கள். ஒரே வசனத்தை மூன்று முறை வாய்விட்டுப் படித்தும் பொருள் விளங்காத என்னிடம் அதைக் கேட்கக் கூடாது.

இதைக் காதல் கதை என்று நம்பி வாங்குபவர்கள் முடிவைப் படித்து ஏமாந்துபோவார்கள். அந்த முடிவை மகிழ்ச்சியாக மாற்றி எழுதி அனுப்பும் வாசகர்களால் அலுத்துப்போன ஆசிரியர், இதை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் முடிவில் குறையே இல்லை. ஒரு சட்டைக்குள் இன்னொரு சட்டை மாட்டியிருக்கும் அந்தக் காட்சிக்குப் பிறகு வேறு எதைச் சொன்னாலும் அதிகமாகிவிடும்.

என் மனக்குறை எனிஸின் மனைவி ஆல்மாவைப் பற்றியது. கணவர் மீன்பிடிக்கப் போவதாகச் சொல்லிப் புறப்படும்போது, அவள் தூண்டில் நுனியில் ஒரு சீட்டைக் கட்டி அனுப்புகிறாள். அது நனையாமல், கட்டியபடியே திரும்பி வருகிறது. இவ்வளவு நுட்பமான பெண்ணுக்கு ஆசிரியர் ஒதுக்கிய இடம் சில பத்திகள்தான். கணவரும் ஜாக்கும் முத்தமிட்டுக்கொண்டதைக் கதவருகே நின்று பார்த்த அவள், அதைப் பல ஆண்டுகள் எப்படி நெஞ்சில் சுமந்தாள் என்பதைக் கதை தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். இந்தக் கதையை வைத்து 2005இல் வெளியான படத்தில் இயக்குநர் ஆங் லீ வயோமிங் மலையாகக் காட்டியது எங்கள் ஆல்பர்ட்டா மாகாணத்தின் மலைகளைத்தான். விடுமுறை நாளில் கனனாஸ்கிஸ் வரை போய் அவற்றைப் பார்த்துவிட்டும் வந்தேன். ஆனால் வண்டியில் திரும்பும்போது நினைவுக்கு வந்ததோ சித்தியின் தூக்குச்சட்டி. மாசி மாதம் கிடை வந்துவிட்டால் சித்தப்பா இரவுக் காவலுக்குப் போய்விடுவார். எங்கள் வயல் கிடை முடிந்து அடுத்தவர் வயலுக்கு மந்தை நகர்ந்த பிறகும் போவார். ஆண்டுதோறும் வருவது ஒரே கீதாரிதான். சித்தி இருவருக்குமாகச் சோறு கட்டி, குழம்பைத் தனியாக ஊற்றி, ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுப்பார். அந்த மௌனம் வெறும் அலுப்புதானா, அதற்குமேல் எதுவுமா என்று சிறுமியாக இருந்த எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது கேட்கும் துணிவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசும்போது இந்தக் கதையைச் சித்தியிடம் சொன்னேன். காதல் என்று சொல்லாமல், இரண்டு இடையர்கள் வருடத்துக்கு இரண்டொரு முறை மலைக்குப் போய்வந்தார்கள் என்று மட்டும் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

"அந்தப் பொண்டாட்டி என்னடி ஆனா?"

"விவாகரத்து வாங்கிக்கிட்டு ஒரு மளிகைக் கடைக்காரரைக் கட்டிக்கிட்டாங்க, சித்தி."

"மளிகைக் கடையா? பரவாயில்லையே" என்றவர், அங்கே இப்போது குளிர் எப்படி என்று விசாரித்தார்.